ஃபைனலுக்கு ஒரு மேப்

"இது மேப்பா, கண்ணாடியா? இடப்பக்கம் ஆறுன்னா வலப்பக்கமும் ஆறு. இங்க தங்கச் சுரங்கம்னா அங்கயும் சுரங்கம். ஃபைனல் பார்க்குறவன் கொட்டாவி விட்டே செத்துருவான்யா" என்றார் மேலாளர்.

"ரெண்டு பேருக்கும் நியாயமா இருக்கணும் சார்" என்றான், ஆன்லைன் போர் விளையாட்டுக்கு மேப் வரைபவன்.

"நியாயம் மட்டும் போதுமா? கொஞ்சம் ஆச்சரியமும் வேணும். ஒரு பக்கத்துல மட்டும் ரகசியமா ஒரு பாலம் போடு."

"முடியாது சார்."

"அப்படின்னா நாளையிலேருந்து வேலைக்கு வராத."

"வேலை போனா வேற தேடிக்கலாம் சார். பாலத்தைப் போட்டா நான் வீட்டுக்குள்ளயே போக முடியாது."

மேலாளருக்குச் சந்தேகம் தட்டியது. "உண்மையைச் சொல்லு. ஃபைனலுக்கு வந்த ரெண்டு பேர்ல யாராவது உனக்கு வேண்டியவங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ரெண்டு பேருமே வேண்டியவங்கதான் சார். ஒருத்தர் எங்கம்மா. இன்னொருத்தி என் பொண்டாட்டி."

மேலாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க வீட்லயும் ரெண்டு பேர் இருக்காங்கப்பா. வலப்பக்கம் ஒரு மரம் கூடுதலா நிக்குது பாரு. முதல்ல அதை வெட்டு."