ஆணி அடித்த இடம்

வரவேற்பறைச் சுவரில் ஈரம் படர்ந்த அன்றே, அது மாடியில் குடியிருக்கும் ஜெயசீலியின் குளியலறைத் தண்ணீர்தான் என்று நான் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரன் சொன்னால் யார் மறுப்பார்கள்? நான்கு மாதமாக அவள் அந்த அறையைப் பூட்டிவைத்து, மொட்டைமாடியில் பழைய சேலை ஒன்றை மறைப்பாகக் கட்டி, விடிவதற்கு முன்பே குளித்துவந்தாள். அப்படியும் ஈரம் காயவில்லை. இன்று வந்த பிளம்பர் மாடியைப் பார்த்துவிட்டு இறங்கி, சுவரை விரலால் தட்டிக்கொண்டே வந்து, பணி ஓய்வு நாளில் மாலையும் கழுத்துமாக நான் நிற்கும் படத்தின் முன் நின்றார். “இதக் கொஞ்சம் எறக்குங்க சார்.” இறக்கினேன். அவர் ஆணியைப் பிடுங்கியதும் தண்ணீர் என் சட்டையில் பீய்ச்சியடித்தது. “உள்ள ஒங்க சமையல்கட்டுக்குப் போற பைப்பு ஓடுது. ஆணிய யாரு அடிச்சது?” நான்தான், யாரையும் தொடவிடாமல், நாற்காலி போட்டு ஏறி நானே அடித்தது. “வெரலால பொத்திக்கிட்டு நில்லுங்க, வால்வ மூடிட்டு வர்றேன்” என்று அவர் மேலே ஓடினார். கட்டைவிரலால் துளையை அழுத்திக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டு ஜெயசீலி இறங்கிவந்தாள். தரையெல்லாம் தண்ணீர். “ஐயோ, எங்களாலதான சார் ஒங்களுக்கு இவ்வளவு கஷ்டம்” என்றபடி, தோளில் கிடந்த துண்டை எடுத்து என் காலடியில் குந்தித் துடைக்கத் தொடங்கினாள். துளையிலிருந்து விரலை எடுக்காமல், அவள் துடைக்க வசதியாக ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கொடுத்தேன்.