கண் கூசாத டார்ச்

மின்சாதனக் கடையின் கண்ணாடி மேசைமேல் மூடி கழற்றிய டார்ச் கிடக்கிறது. அதற்கு மாதந்தோறும் புது பேட்டரி வாங்கிப் போடுவது பஸ் டிரைவரான கணவர். சார்ஜ் செய்யும் பேட்டரிக்கு மாறலாம் என்பது அதை நைட் டியூட்டிக்குக் கொண்டுபோகும் வார்டு நர்ஸான மனைவியின் யோசனை. "இதுல வோல்ட் கம்மி சார். எரியும், ஆனா வெளிச்சம் கொஞ்சம் மட்டுதான்" என்கிறார் கடைக்காரர். "அப்ப வேணவே வேணாம். என் பஸ் ஹெட்லைட்டையே கழட்டிக் கொடுத்தாலும் கொடுப்பேன்." அவள் சார்ஜ் பேட்டரிகள் இரண்டையும் உள்ளே தள்ளி மூடியைத் திருகுகிறாள். "கண்ணை மூடுங்க." கடைக்காரரைப் பார்த்து நெளிந்தபடியே டிரைவர் மூடுகிறார். பகல் வெயிலில் கழுவியதுபோல் வெளிறிய மஞ்சள் வட்டம் ஒன்று அவர் இமைகளின்மேல் வந்து உட்காருகிறது. "கூசுதா?" "இல்லையே." "அப்ப இதுதான் சரி. தூங்குற நோயாளிங்க மூஞ்சியிலதானே அடிக்கிறேன்? இத்தனை நாளா விரலால பொத்திக்கிட்டுத்தான் அடிச்சேன்." "சொல்லியிருக்கலாம்ல?" "இருக்கறதுலயே பளிச்சுனு எரியறதா பார்த்துப் பார்த்து வாங்கிட்டு வந்தீங்க. எப்படிங்க சொல்றது?" கடைக்காரர் பேட்டரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். டார்ச்சை அவள் அணைத்த பிறகும் டிரைவர் கண்ணைத் திறக்கவில்லை.