கிணற்றில் நனைத்த வெள்ளைத்துணி

பெரியநாயக்கன்பாளையத்தில் அற்புதத்தின் கிணற்றடியில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. கயிற்று நுனியில் கட்டிய வெள்ளைத்துணியை அவள் கிணற்றுக்குள் இறக்குகிறாள். ஆறு வருஷமாகத் திங்கட்கிழமை தவறாமல் செய்கிற வேலை. பக்கத்துச் சாயப்பட்டறை கழிவைப் பூமிக்குள் விட்ட நாட்களில் துணி ரோஸ் நிறத்தில் ஏறி வரும். காய்ந்ததும் தேதி எழுதி, மனுவோடு குத்தி, கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டு போவாள். பீட்ரூட் சாற்றில் முக்கியெடுத்த துணி என்று முதலாளியின் ஆட்கள் சிரித்தார்கள். தொண்ணூற்றைந்தில் பட்டறைக்குச் சீல் விழுந்தது. அதன்பின் மூன்று மழைக்காலம் போய்விட்டது. உருளை கிறீச்சிடுகிறது. மனு கொடுக்கக் கூடவே நடந்த பக்கத்து வீட்டு ஜாஹிதா எட்டிப் பார்க்கிறாள். “ஏனுங்க்கா, எப்படி இருக்குதுங்க?” அற்புதம் துணியைப் பிழிந்து வெயிலுக்கு நேராகப் பிடிக்கிறாள். வெளிச்சம் அதைத் தாண்டி அவள் கன்னத்தில் விழுகிறது. “வெள்ளையாவே இருக்குது அம்மணி.” ஜாஹிதா பழக்கத்தில் பேனாவை நீட்டுகிறாள். “தேதி எழுதிப்போடுங்க்கா.” “இனி யாருகிட்டக் காட்டோணும் கண்ணு?” அற்புதம் அந்த ஈரத்துணியால் நெற்றி, கண், கழுத்து என்று நிதானமாக முகம் துடைத்துக்கொள்கிறாள்.