எதிர்வீட்டுப் பனி

விண்ணப்பக் கட்டுரையில் கருணையை மூட்டை மூட்டையாக ஏற்றியும், இரண்டு வருஷமாக வெஸ்லிக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. இந்தத் தடவையும் கைவிட்டுப் போனால் அப்பாவின் டயர் கடைதான்.

"நேர்முகத் தேர்வு ரூமுக்குள்ள மட்டும் நடக்காது," என்று போனில் எச்சரித்தார் அதற்குப் பயிற்சி தரும் மார்வின். "வழியில யாரையாவது நிறுத்தி வெச்சு, நீ உதவுறியான்னு பார்ப்பாங்க. கோட்டை விட்டுடாதே!"

அவர் சொன்னபடியே, தேர்வன்று காலை கல்லூரிக்கு எதிர்வீட்டில் ஒரு பெரியவர் பனி அள்ளும் ஷவலை ஊன்றிக்கொண்டு முனகினார்.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு தம்பி. பொண்டாட்டி வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள அள்ளணும். இல்லேன்னா தொலைச்சுடுவா."

'அடேங்கப்பா, என்ன நடிப்பு!' என்று வியந்த வெஸ்லி, கோட்டும் டையுமாக இறங்கி வாசல் முழுக்க அள்ளினான்.

"பின்பக்கமும் கொஞ்சம்..." என்று இழுத்தார் பெரியவர். அதையும் அள்ளினான்.

நனைந்த காலோடு கல்லூரித் தேர்வறைக்குள் நுழைந்தவனை, நேர்முகம் நடத்தும் டாக்டர் ஹால்வர்சன் அம்மையார் முறைத்தார்.

"ஏன் லேட்டு?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே மேடம்! எதிர்வீட்டுப் பெரியவருக்குப் பனி அள்ளினேன். அவரை அங்க நிறுத்தி வெச்சதே நீங்கதானே?"

அம்மையார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"நான் நிறுத்தி வெக்கல தம்பி, கட்டிக்கிட்டேன். அவர் என் வீட்டுக்காரர். பின்பக்கமுமா அள்ளினே?"

"சுத்தமா அள்ளிட்டேன் மேடம்!"

அம்மையார் பெருமூச்சோடு பேனாவை மூடினார்.

"நேர்முகத்துக்கு வர்றவங்ககிட்ட நாங்க எந்த உதவியும் வாங்கக் கூடாதுன்னு விதி. இனி உனக்கு இடம் கொடுத்தா லஞ்சம்னு ஆயிடும். அடுத்த வருஷம் வா."

வெஸ்லி கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து அம்மையாரின் குரல் வந்தது.

"வர்றப்போ நல்ல பூட்ஸா போட்டுக்கிட்டு வாப்பா!"