இன்றைய நோயாளி

அலுவலகக் கூட்ட அறையில் மாரடைப்பு பற்றிய பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்த நர்ஸ், வாசலில் தயங்கி நின்றவரைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

“வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம்.”

கையோடு அழைத்து வந்து, எல்லோரும் பார்க்கும்படி நாற்காலியில் உட்கார வைத்தார்.

“இவர்தான் இன்னிக்கு நம்ம நோயாளி. நல்லா உத்துப் பாருங்க. என்ன தெரியுது?”

“சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு” என்றாள் டைப்பிஸ்ட்.

“ஏசி ரூம்ல இப்படி வேர்த்தா சந்தேகப்படணும். அப்புறம்?”

“தாடையைத் தேய்க்கிறாரே, பல்வலியா?”

“அங்கதான் ஏமாந்துடுவோம். நெஞ்சுலதான் வலிக்கணும்னு இல்ல. தாடை, தோள், கை, முதுகு, எங்கேயும் வரும்.”

“மேடம்… மூச்சு…” என்று முனகினார் அவர்.

“பாத்தீங்களா? மூச்சுத் திணறல்!”

“அடேயப்பா, என்ன நடிப்பு!” கணக்காளர் சிரித்தார். “லீவு கேக்கும்போது எனக்கு இதுல பாதி வந்தா போதும். மேடம், வெறும் வாயுன்னு சோடா குடிச்சுட்டுப் படுத்துட்டா?”

“படுத்தவர் எழுந்திருக்க மாட்டார். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்.”

அவர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார். அறையே கைதட்டியது.

கதவைத் திறந்துகொண்டு ஓர் இளைஞன் ஓடிவந்தான்.

“மன்னிச்சுக்குங்க மேடம், வண்டி பஞ்சர். நோயாளியா நடிக்க வரச் சொன்னது என்னைத்தான்.”

கைதட்டல் நின்றது. நர்ஸ் தரையில் மண்டியிட்டு, விழுந்தவரின் கழுத்தில் நாடியைத் தேடினார்.

“அப்ப இவர் யாரு?”

இளைஞனுக்குப் பின்னால் வந்த வாட்ச்மேனுக்கு வாய் குழறியது.

“ரோட்ல போனவரும்மா. நெஞ்சு என்னமோ பண்ணுதுன்னாரு. உள்ள நர்ஸம்மா இருக்காங்க, பயப்படாம போங்கன்னு நான்தான் அனுப்பி வச்சேன்.”