கழற்றாத வால்

சமையலறைச் சுவரில் வாழ்ந்த குட்டிப் பல்லி சொக்கிக்கு எதற்கெடுத்தாலும் பயம். குக்கர் விசிலடித்தால்கூட, “அம்மா, வாலைக் கழற்றிடவா?” என்று கேட்கும்.

அம்மாப் பல்லி ஆம், இல்லை என்று சொல்லவே சொல்லாது. “வாலை யாராவது பிடிச்சிருக்காங்களா? ஓட வழி இருக்கா? பார்த்துட்டு நீயே முடிவு பண்ணு” என்றுவிடும்.

ஒரு நாள் தலைக்குமேல் எதுவோ படபடவென்று அடித்தது. சொக்கி நடுங்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தது. காற்றில் ஆடும் காலண்டர். வாலை யாரும் பிடிக்கவில்லை. ஓடுவதற்குச் சுவர் முழுக்க இருந்தது. சொக்கிக்குப் பெருமை பிடிபடவில்லை.

அம்மாவிடம் சொல்ல ஓடினால், அடுப்பு மேடையில் அம்மாவின் வால் மட்டும் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. வாலில்லாத அம்மா ஒரு டப்பாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

“காலண்டர்தாம்மா” என்றது சொக்கி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “அந்த ரெண்டு கேள்வியை என்கிட்டயும் கேட்டிருக்கக் கூடாதாடி?”