பதினோரு மணிச் சத்தம்

“அவசரப்படாதீங்க. டிவி பதினோரு மணிக்குத் தானா வந்துடும்.”

“அது என்ன பஸ்ஸா, நேரத்துக்கு வர?”

இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதமாகக் கட்டிலில் கிடக்கும் மனைவி தலையணையில் சாய்ந்துகொண்டார். ஓய்வுபெற்ற நூலகர் மறுபடியும் ரிமோட்டை அழுத்தினார். ‘வைஃபை இணைப்பு இல்லை’ என்றது டிவி.

அவர் டிவி பார்க்கிறவரே அல்ல. ஆனால் இன்று மேல் வீடு காலியாகிறது. தெருவில் லாரி நிற்கிறது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு மேட்ச் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் இப்படி.

முப்பது வருடம் ‘உஷ்’ சொல்லியே உத்தியோகம் பார்த்தவர் அவர். மேல் வீட்டிலோ தினமும் பதினோரு மணிக்கு யாரோ மேசையை டர்ர்ரென்று இழுப்பார்கள். பன்னிரண்டுக்கு இன்னொரு டர்ர்ர். தேதி, நேரம், சத்தத்தின் தன்மை என்று கட்டம் போட்டு ஒரு நோட்டில் எழுதிவந்தார். வாரம் ஒரு நகல் குடியிருப்போர் சங்கத்துக்குப் போகும்.

“மேல் வீட்டுக்காரி என் நோட்டுக்குப் பயந்துதான் ஓடுறா.”

“அந்தப் பொண்ணுக்கு வேலை மாற்றல்ங்க.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்குவாங்க.”

“அதை விடுங்க. இன்னிக்கு உடற்பயிற்சி வகுப்புல என்னை எழுந்து நிக்கச் சொல்வாங்க. டிவி வந்தாப் போதும்.”

பத்தே முக்காலுக்கு மெக்கானிக் வந்தார்.

“வைஃபை பெட்டி எங்க சார்?”

நூலகர் பெருமையோடு சாவிக்கொத்தை எடுத்து, முன் அறையில் இருந்த இரும்பு பீரோவைத் திறந்தார். நான்கு அகராதிகளுக்கு நடுவே பெட்டி கண் சிமிட்டியது.

“இரும்புக்குள்ள வெச்சுப் பூட்டினா சிக்னல் எப்படி சார் வெளியே வரும்?”

“வரக் கூடாதுன்னுதானே பூட்டினேன்! மேல் வீட்டுக்காரி சிக்னலைத் திருடிட்டா என்ன பண்றது?”

“உங்க போன்ல வருதா?”

“பீரோவுல சாஞ்சு நின்னா அருமையா வருது.”

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டே உள் அறைக்கு வந்து டிவியை நோண்டினார்.

“சார், இது உங்க வைஃபையில ஒரு நாள்கூடச் சேர்ந்ததே இல்ல. இதுல பதிவாகியிருக்கிற பேரு வேற.”

“என்ன பேரு?”

“‘கீழ்வீட்டு அக்கா’ன்னு இருக்கு.”

நூலகர் மனைவியைப் பார்த்தார். மனைவி கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று.

தலைக்கு மேலே டர்ர்ர்.

“கேட்டீங்களா தம்பி! கிளம்புற அன்னிக்குக்கூட!” நூலகர் நோட்டைப் பிரித்தார்.

டிவி பளிச்சென்று விழித்தது. மனைவி ரிமோட்டை வாங்கி ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் பிசியோதெரபி டாக்டர் வணக்கம் சொன்னார்.

மெக்கானிக் கூரையை அண்ணாந்து பார்த்தார். “மேல் வீட்டு வைஃபை பெட்டி இந்தக் கட்டிலுக்கு நேர் மேல வந்திருக்கு சார்.”

“தினமும் வரும்,” என்றார் மனைவி. “அவளுக்கு ஆபீஸ் வேலை முன் அறையில. கம்ப்யூட்டர், பெட்டி எல்லாம் ஒரே மேசை. என் வகுப்புக்காக நமக்கு நேர் மேல இருக்கிற அறைக்கு இழுத்துட்டு வருவா. பன்னிரண்டுக்கு அவ மாமியார் அந்த அறையில படுக்கணும், திருப்பி இழுத்துட்டுப் போவா.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“மேல் வீடுன்னு வாயெடுத்தாலே நோட்டை எடுத்துடுவீங்களே!”

நூலகர் ‘11.00’ என்று எழுதிவிட்டிருந்தார். சத்தத்தின் தன்மை என்ற கட்டத்தில் பேனா நகரவில்லை.

மனைவி கட்டில் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்து, மெல்ல எழுந்து நின்றார்.

தெருவில் லாரிக்காரர் பொறுமையிழந்து ஹார்ன் அடித்தார். மேல் வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது:

“இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கண்ணே! மேசை மட்டும் கடைசியாத்தான் வரும்!”